வாய் வரைக்கும் வந்த எரிச்சல்

ரப்பர்த் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் அஞ்சலை என்ற பெண் தன் நோயைச் சொன்னாள். நான் அதை வன்மம் என்று வெள்ளைக்காரத் துரைக்கு மொழிபெயர்த்தேன். செய்தது பிழை என்று அன்று மத்தியானமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதனால் அவள் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டாள். ஒரே மகளுக்குப் பேறு நடந்த நாளில் தோட்டத்து எல்லைக்கு வெளியே, ரோட்டில் நின்றாள். பதினைந்து வருஷத்துக்கு மேலாக இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்கு என் மனச்சாட்சி தானாக விழித்துக்கொண்டதுதான் காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். அவளுக்கு இருந்த அதே நோய் எனக்கும் வந்தது. அதுதான் காரணம்.

மலாயாவில், ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது என் கட்டிலைப் பற்றித்தான். அதன் தலைமாட்டுக் கால்கள் இரண்டும் மரக்கட்டைகளின்மேல் நிற்கின்றன. கால்மாடு தரையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு சொந்தக்காரர், எறும்பு ஏறாமல் இருக்கவா என்று கேட்டார். எறும்புக்காக என்றால் நாலு காலுக்கும் அல்லவா வைக்க வேண்டும். கம்பம் என்று இங்கே சொல்கிற ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மலாய்க்காரர், வெள்ளம் வரும் என்று பயமா என்று விசாரித்தார். என் மனைவி ஆரம்பத்தில் சிரித்தாள், பிறகு அலுத்துக்கொண்டாள். "இஞ்சாருங்கோ, ஊரிலை ஆரும் இப்பிடிச் சரிவிலை படுக்கிறவையே? பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றாள். சனம் என்ன நினைக்கும் என்பதைவிட, கட்டை இல்லாமல் படுத்தால் எனக்கு என்ன ஆகும் என்ற பயமே பெரிதாக இருந்தது.

அந்தப் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அது தொடங்கியது. சாப்பிட்டுப் படுத்துச் சற்று நேரத்தில் நெஞ்சுக்குழியில் ஒரு சூடு கிளம்பும். மார்பெலும்பின் பின்னால் மெல்ல ஏறும். தொண்டையை எட்டும்போது புளித்த நீர் வாயில் நிறையும். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். காலையில் குரல் கரகரத்துக் கிடக்கும். எனக்கு முதலில் வந்த எண்ணம் இருதயம். எங்கள் உத்தியோகத்தர்களில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து வந்த எண்ணம் சயரோகம். இருமல் அதற்குச் சாட்சி சொன்னது. அதற்கும் அடுத்ததை நான் மனதுக்குள் பெயர் சொல்லிக்கூட நினைக்கவில்லை. கையைப் பிடித்து நாடி பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது வேகமாகும். வேகமாவதைக் கண்டு இன்னும் பயப்படுவேன். படுக்கைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போடச் சாக்குத் தேடுவேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குப் போய்விடுவோம் என்பாள். கப்பலில் வைத்து வந்தால் என்ன செய்வது என்பது என் கவலை.

ஊரில் என் தகப்பனார் பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட்டு, வீதியில் இரண்டு சுற்று நடந்துவிட்டுத்தான் படுப்பார். விளக்குக்கு எண்ணெய் மிச்சம் என்பது அதற்கு அவர் சொன்ன நியாயம். இங்கே வந்த பிறகு எனக்கு நேரம் என்பது மாறிவிட்டது. ஆபீஸ் முடிந்து, சங்கத்தில் சீட்டாட்டம் முடிந்து, வீட்டுக்கு வரும்போது பசி காதை அடைக்கும். மனைவி வறுத்த மிளகாய்த்தூள் போட்டு வைத்த மீன்குழம்பும் புளிச்சொதியும் வயிறு முட்டச் சாப்பிடுவேன். மேலே ஒரு பால்கோப்பி. அதற்கு மேலே ஒரு சுருட்டு. வயிறு பெருத்ததை ஒப்புக்கொள்ளாமல் பழைய இடுப்புவாரையே இழுத்துக் கட்டினேன். பிறகு நேரே கட்டில். கஷ்டப்பட்டு வேலை செய்தவன் நன்றாகச் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த சுகம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் பாக் ஹசான் என்ற மலாய்ப் பெரியவர் இருக்கிறார். படகு கட்டும் தச்சு வேலையிலிருந்து ஓய்ந்தவர். ஒரு காலையில் நான் வாசலில் நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். எனக்கு மலாய் தெரியும் என்ற பெருமை உண்டு. 'சாக்கிட்' என்றால் வலி. 'ஹாத்தி' என்றால் நெஞ்சு, உள்ளம் என்பது என் கணக்கு. இரண்டையும் சேர்த்து "சாக்கிட் ஹாத்தி" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "டெஙான் சியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். யாரோடு என்று கேட்கிறாரே, நெஞ்சு வலிக்கு யாரோடு என்ன என்று விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். பின்நேரம் அவர் வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த வாழைப்பழம். தன் ஆடு எங்கள் வேலியைக் கடித்தது உண்மைதான், அதற்காக இவ்வளவு மனத்தாங்கல் வேண்டாம், தன்மேல் வேறு என்ன குறை இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. மலாயில் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்தால் வலி இல்லை. மனம் புண்பட்டிருக்கிறேன், உன்மேல் கசப்பாக இருக்கிறேன் என்று பொருள். நான் கையை வைத்துக் காட்டி விளக்கியதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த இடத்துக்கு 'உலு ஹாத்தி' என்று பெயர், அங்கே எரிந்தால் எரிகிறது என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். உலு என்றால் ஆற்றின் மேற்பக்கம். தட்டிலிருந்ததை மரியாதைக்காக நான் சாப்பிட்டேன். எண்ணெயில் பொரித்தது அன்றைக்கு என்னைப் படுத்தியது. ஆனால் அன்று நான் தூங்காமல் இருந்தது அதனால் மட்டும் இல்லை. என் வாயிலிருந்து ஒரு தவறான சொல் வந்தது. அந்த மனிதர் அதை நம்பினார். நம்பியும் யாரிடமும் கோள் சொல்லவில்லை. யாரோடு, என்ன குறை என்று என்னிடமே வந்து கேட்டார். நான் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம் அது. தெப்ராவ் ஆற்றை ஒட்டிய ஒரு தோட்டத்தில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். எல்லாத் தோட்டங்களிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கிராணிமாரையும் குறைப்பார்கள் என்ற பேச்சு இருந்தது. எங்கள் துரை புதியவர். தமிழ் ஒரு சொல்லும் வராது. நான் இல்லாமல் அவரால் ஒரு மரத்தைக்கூட எண்ண முடியாது என்பதே என் வேலைக்கு இருந்த பாதுகாப்பு. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது நான் துரையின் பக்கத்தில் நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்வேன். நான் சொல்லவந்த அந்தக் காலைக்கு முந்திய நாள் கூலியில் வெட்டு விழுந்திருந்தது. பெண்கள் முணுமுணுக்கிறார்கள், யாராவது ஒருத்தி வாய் திறந்தால் மற்றவர்களும் திறப்பார்கள் என்று கங்காணி என் காதில் போட்டிருந்தான். நான் துரைக்கு இன்னும் நெருங்கிப் போய் நின்றேன்.

அந்த நேரத்தில் அஞ்சலை வரிசையை விட்டு முன்னால் வந்தாள். ஒடிசலான பெண். சேலைக் கொசுவத்தை இறுக்கிச் செருகி, நெஞ்சில் ஒரு கையை வைத்திருந்தாள்.

"வயித்தெரிச்சலு வாய் வரைக்கும் வருது சாமி. இனிமே தாங்காது" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். இவளுடைய மனக்கசப்பு வாய்வரை வந்துவிட்டதாம், இனிப் பொறுக்கமாட்டாளாம் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். வயிற்றெரிச்சல் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் நான் கேட்டு வளர்ந்த பொருள் அதுதான். நெஞ்சில் எரிந்தால் நாங்கள் நெஞ்செரிவு என்போம். துரை அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். மருந்து கொடுக்கச் சொல்லப்போகிறார் என்று எண்ணி அவள் அவரைக் கும்பிட்டாள்.

மத்தியானம் பால் எடுக்கும் நேரத்தில் நான் காட்டுப் பக்கம் போனேன். தோளில் சுமக்கும் காண்டாக் கம்பையும் பால் வாளிகளையும் இறக்கி வைத்துவிட்டு அவள் ஒரு மரத்தடியில் குந்தியிருந்தாள். குனிந்து குனிந்து புளித்த தண்ணீராகத் துப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் முதுகை நீவிவிட்டபடி, "காலையில சொன்னாளே கிராணி ஐயா, மருந்து வரலியா?" என்று கேட்டாள். என் கால்கள் அங்கிருந்து என்னை ஆபீசுக்குக் கொண்டுபோயின. துரை மேசையில் இருந்தார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன். அதைச் சொன்னால், இதுவரை சொன்னதில் எத்தனை பிழை என்று அவர் கேட்பார். ஆட்களைக் குறைக்கிற காலத்தில் அந்தக் கேள்வி எழக்கூடாது என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். மறுநாள் பெயர் வெட்டப்பட்டவர்களில் அவளும் அவள் புருஷனும் இருந்தார்கள்.

அவள் மகள் பொன்னி அதே தோட்டத்தில் ஒருவனைக் கட்டியிருந்தாள். நிறைமாதம். பேறு முடியும்வரை இருக்க விடுங்கள் என்று அஞ்சலை கேட்டதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். இந்த முறை சரியாக மொழிபெயர்த்தேன். ஆனால் துரை அவளைக் கலகக்காரி என்று முடிவு செய்துவிட்டிருந்தார். வெளியேற்றப்பட்டவர்கள் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் வரக்கூடாது என்பது உத்தரவு. பொன்னிக்கு வலி கண்ட நாளில் எப்படியோ செய்தி அறிந்து அஞ்சலை வந்துவிட்டாள். காவல்காரன் விடவில்லை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த ரோடு தெரியும். காலையில் நின்றாள். மழை பெய்தபோதும் நின்றாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இடையிடையே குனிந்து துப்பினாள். நான் ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். பேத்தி பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் சுகம் என்று பின்நேரம் யாரோ போய்ச் சொன்ன பிறகுதான் அவள் போனாள்.

பாக் ஹசானின் தட்டு இதையெல்லாம் கிளறிவிட்டது. அந்த வாரமே நகரத்தில் மருந்தகம் வைத்திருந்த ஒரு சீன டாக்டரிடம் போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மேடு ஏறும்போது வலிக்கிறதா, வலி கைக்கு இறங்குகிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும், இருதயம் நன்றாக இருக்கிறது, நுரையீரலும் சுத்தம், இது இரைப்பையின் புளிப்பு மேலே வருவது என்றார். உணவுக் குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு வாசல் இருக்கிறதாம், உணவைக் கீழே விட்டுவிட்டு இறுக மூடிக்கொள்ள வேண்டுமாம், என்னுடையது தளர்ந்துவிட்டதாம். எனக்கு உடனே எங்கள் தோட்டத்துப் பள்ளக்காட்டு மதகு நினைவுக்கு வந்தது. ஆற்றில் கடல் ஏறும்போது அதன் கதவு தானாக மூடிக்கொள்ளும். கீல் தளர்ந்த வருஷம் உப்புத் தண்ணீர் வாய்க்காலில் எதிர்த்து ஏறி மரங்களின் வேரைச் சுட்டது. இரைப்பைக்குப் புளிப்பு கெடுதல் இல்லை. அது அதன் இயல்பு. ஏறக்கூடாத இடத்தில் ஏறினால்தான் சுடுகிறது.

வயிற்றை முட்ட நிரப்பாதே, சாப்பிட்டதும் படுக்காதே, இடுப்பை இறுக்காதே, சுருட்டை விடு, புளியையும் தூளையும் பொரித்ததையும் கோப்பியையும் குறை, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்து என்றார் டாக்டர். தலையணையை அடுக்கினால் போதாதா என்று கேட்டேன். அது வயிற்றை மடித்து அழுத்தும், கட்டிலே சரிய வேண்டும் என்றார். சோடா உப்புக் கரைசல் அப்போதைக்கு அணைக்கும், அதையே நம்பி இருக்காதே என்றார். விழுங்கும்போது உணவு சிக்கினாலோ, உடம்பு காரணமில்லாமல் மெலிந்தாலோ, மலம் கறுத்தாலோ உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் எரிவு குறைவதையும் வலப்பக்கம் சாய்ந்தால் கூடுவதையும் நானாகவே கண்டுகொண்டேன். ஏன் என்று கேட்டதற்கு, தெரியாது, ஆனால் அப்படியே படு என்றார். கடைசியாக, வெறும் வயிற்றில் கடுங்கோப்பி குடித்துவிட்டுக் குனிந்து பாரம் தூக்குகிற வேலை உண்டா என்று கேட்டார். எனக்கு இல்லை என்றேன். அது யாருடைய வேலை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் பாக் ஹசான் படகுப் பலகையின் மிச்சத்தில் எனக்கு இரண்டு கட்டைகள் அறுத்துத் தந்தார். இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அஞ்சலை உலு திராம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மகளோடு இருக்கிறாள் என்று கோயிலில் கண்ட பழைய கங்காணி சொன்னான். மோட்டார் பஸ்ஸில் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். என்ன சொல்வாள், முகத்தில் காறித் துப்புவாளா, ஆட்களைக் கூட்டுவாளா என்ற நினைப்பில் வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. அன்று காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆகவே அது சாப்பாட்டால் வந்த எரிவு இல்லை.

அவள் ஆயாக்கொட்டகையில் இருந்தாள். வேலைக்குப் போன பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தலை நரைத்திருந்தது. குரல் அடைத்துக் காற்றாக வந்தது. பொன்னி வேலை முடிந்து வந்து அப்போதுதான் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே பேசத் தொடங்கினேன். "அஞ்சலை, நான் அண்டைக்குத் துரையிட்டைப் பிழையாச் சொல்லிப்போட்டன். நீங்கள் வருத்தத்தைத்தான் சொன்னனீங்கள்" என்றேன். எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய். அவள் மகளைப் பார்த்தாள்.

"எனக்கு என்னா வருத்தம்னு கேக்கறாரு? நீங்க வாங்கன்னு வேற பேசறாரே" என்றாள்.

பொன்னி அம்மாவுக்காக என்னிடம் மறுபடி கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடியில் பார்த்ததையும், ஆபீசுக்குள் போய் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும், நாற்காலியைத் திருப்பிப் போட்டதையும். பொன்னி ஒவ்வொன்றாக அம்மாவின் பக்கம் திரும்பி அவர்கள் பேச்சில் சொன்னாள். தமிழனுக்கும் தமிழச்சிக்கும் நடுவே நின்று அவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கூட்டிச் சொல்வாளோ என்று நான் அவள் வாயையே பார்த்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முடித்துவிட்டு என்னிடம், "அன்னைக்கு ரோட்டுல நின்னாங்க. நான் கத்துனது அங்க வரைக்கும் கேட்டுச்சாம்" என்றாள். பிறகு உள்ளே போய் எனக்குக் கோப்பி-ஓ, பாலில்லாத கடுங்கோப்பி, கலந்து கொண்டுவந்தாள். எனக்கு ஆகாதது. முழுவதையும் குடித்தேன்.

கட்டைகள் எதற்கு என்று நான் சொன்ன பிறகு அஞ்சலை அவற்றைக் காட்டி, "இத எந்தப் பக்கம் வெக்கணும்?" என்று கேட்டாள். இத்தனை வருஷமும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கியிருக்கிறாள். யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கயிறு கட்டியிருந்தார்கள். அவளுடைய பலகைக் கட்டிலின் தலைமாட்டில் நானே கட்டைகளைப் பொருத்தினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வெறும் வயிற்றில் கோப்பி வேண்டாம் என்றதும், "அத விட்டா எப்படிங்க கண்ணு முழிக்கிறது?" என்றாள். முதலில் இரண்டு வாய் பழைய சோறாவது சாப்பிட்ட பிறகு குடிக்கலாம், புகையிலையை விடலாம், அந்தியிலேயே பாதி வயிற்றுக்குச் சாப்பிடலாம் என்று பேசி முடிவு செய்தோம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். கொட்டகைக்கு வெளியிலேயே அவள் குரல் கேட்டது. பழைய குரல் இல்லை, ஆனாலும் குரல்தான். ஒரு குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தாள். படுத்துத் தூங்குகிறாளாம். புளித்த தண்ணீர் வருவது அநேகமாக நின்றுவிட்டதாம். எனக்கு உண்டான ஆறுதலில் நான் அளவு மீறிவிட்டேன். அப்படியென்றால் என்னை மன்னித்தாயா என்று கேட்டுவிட்டேன். இந்த முறை அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"அது வேற எரிச்சலுங்க கிராணி ஐயா. அதுக்குக் கட்ட வெக்க முடியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பஸ் போய்விடும், சீக்கிரம் கிளம்புங்கள் என்றாள்.

அதன் பிறகும் போகிறேன். வர வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பொன்னி கோப்பிக்குப் பதிலாக இப்போது வெந்நீர் தருகிறாள். ஊரில் தம்பி எங்களுக்கு ஒரு அறையைச் சுத்தம் செய்து கட்டிலும் போட்டு வைத்திருக்கிறான். எப்போது வருகிறீர்கள் என்று ஒவ்வொரு தபாலிலும் கேட்கிறான். மனைவி பெட்டியை அடுக்குவதும் கலைப்பதுமாக இருக்கிறாள். என் ஊர் ஒரு மேடு பள்ளமும் இல்லாத சமதரை. அங்கே பிறந்தவன் இங்கே சரிவில் படுக்கிறேன், உட்காராமலும் முழுக்கக் கிடக்காமலும். தூக்கத்தில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கால்மாட்டுப் பக்கம் நழுவிவிடுகிறது. விழித்ததும் நெஞ்சில் எரிகிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். பிறகு கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறிப் படுக்கிறேன்.